என் ஓரகத்தி போட்ட முடிச்சு

என் ஓரகத்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

அவள் என் கணவருடைய தம்பி மனைவி. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம், நான் பெரியவள். கீழே நாங்கள், மாடியில் அவர்கள், சமையலறை மட்டும் பொது. நான் படித்துப் பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராகச் சேர்ந்தவள். அவள் எட்டாவதோடு நின்றுவிட்டு, துணி ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி வரும்போது ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள்.

வந்த மூன்றாம் மாதமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பதினோரு வருஷமாக என்னிடம் காய்ச்சல் மாத்திரை கேட்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி, வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். ‘சித்தி’ என்று அவள் இழுத்துக் கூப்பிடுவதில் இருக்கும் நீளம் ‘அம்மா’வில் இருக்காது. என் கணவர்கூட, நான் துவைத்த சட்டையில் பொத்தான் அறுந்தால் அதை என்னிடம் காட்டாமல் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போவார். சாயங்காலம் பொத்தான் இருக்கும்.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புறம் பேசமாட்டாள், பதிலுக்குப் பதில் பேசமாட்டாள். குற்றம் சொல்ல ஒரு துரும்புகூடக் கிடைக்காத மனுஷியோடு ஒரே அடுப்பில் சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

துணி ஆலையை மூடினார்கள். அவள் புருஷன் ஓட்டும் வேனை நம்பித்தான் மாடி வீடு ஓட வேண்டியிருந்தது. “உன் ஆஸ்பத்திரியில ஏதாவது இருக்கான்னு பாரேன்” என்றார் என் கணவர். துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது. ஒரே கட்டடத்தில் என் உடம்பில் வெள்ளைக் கோட்டு இருக்கும், அவள் கையில் துடைப்பம் இருக்கும். யார் பெரியவள், யார் சின்னவள் என்று நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

என் கவுண்டர் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் இரண்டு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மதியத்துக்குள் முந்நூறு பேர் வருவார்கள். சீட்டை வாங்கி, மாத்திரையை எண்ணிக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதி, “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே வெளியே தள்ளுவேன். வாங்கியவர் தலையாட்டுவதற்குள் அடுத்தவருடைய முழங்கை உள்ளே வந்திருக்கும். பத்தொன்பது வருஷம் இப்படித்தான். சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று நான் நினைத்ததில்லை. சொல்வது என் வேலை, சொல்லிவிட்டேன்.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, கவர் மேல ஒண்ணு, சைபர், ஒண்ணுன்னு எழுதறீங்களே, அப்படின்னா என்ன?”

“காலையில ஒண்ணு, மதியம் இல்ல, ராத்திரி ஒண்ணு. இதுகூடத் தெரியாமலா இத்தனை பேர் மாத்திரை சாப்பிடறாங்க?”

“தெரியாமத்தான்க்கா சாப்பிடறாங்க” என்றாள்.

ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள், சாப்பிடப் போகலாம் என்று கவுண்டரைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வரிசை நின்றது. பதினைந்து இருபது பேர். எல்லோர் கையிலும் என் உறைகள். என்னிடம் வாங்கியாகிவிட்டது, பிறகு எதற்கு இன்னொரு வரிசை?

போய்ப் பார்த்தேன். சின்னவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய மாத்திரை டப்பா, அதற்குள் மூன்று நூல்கண்டுகள், ஓர் ஊசி. உறையை வாங்குவாள், நான் எழுதியதைப் படிப்பாள், மூலையில் ஊசியைக் குத்தி நூலை இழுப்பாள். காலைக்கு மஞ்சள், மதியத்துக்குச் சிவப்பு, ராத்திரிக்குக் கறுப்பு. ஒரு மாத்திரைக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு. அரை மாத்திரை என்றால் நூலைக் கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கி முடிச்சில்லாமல் விடுவாள். ஓர் உறைக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

“கண்ணு சரியாத் தெரியாட்டியும் கையால தடவிப் பாத்துக்கலாம்மா” என்று ஒரு கட்டடத் தொழிலாளி எனக்கே விளக்கம் சொன்னார். என் மருந்தை எனக்கு.

தப்பு பிடிக்கலாம் என்று பத்து உறைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் தப்பில்லை. ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. அதிலும் நூல் சரி, நான் எழுதியதுதான் விளங்கவில்லை.

“இது புரியலக்கா, அதனால டாக்டரம்மாகிட்டயே போய்க் கேட்டுக் கட்டிட்டேன்” என்றாள்.

“உன் சாப்பாட்டு நேரத்துல என்னமோ செஞ்சுக்கோ” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்தொன்பது வருஷம் என் முன்னால் நின்ற கூட்டம் இது. அவர்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனதை நானும்தான் பார்த்திருக்கிறேன். தரை துடைக்க வந்தவளுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? காசு பணம், நகை நட்டு என்று பொறாமைப்படுவார்கள். நான் மூன்று நூல்கண்டுக்குப் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வாரம் சர்க்கரை டாக்டர் என் கவுண்டருக்கே வந்துவிட்டார். சிரிப்பே வராத அம்மா. ஓர் உறையை நூலோடு தூக்கிக் காட்டினார்.

“யார் இதைக் கட்டறது?”

எனக்கு உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். “எங்க வீட்டுச் சின்னவதான் டாக்டர். கிளீனிங்ல இருக்கா. வீட்டுலயும் இப்படித்தான், எல்லாத்துலயும் தலையிடுவா” என்றேன்.

“நாலு மாசமா என்கிட்ட வர்றவங்களுக்கு சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு வந்துட்டிருக்கு. நானும் என்னென்னவோ காரணம் யோசிச்சேன். கடைசியில எல்லார் கையிலயும் இந்த நூல் இருக்கு. அவங்களை நான் பாக்கணுமே.”

என் வாயாலேயே அவளைக் காட்டிக் கொடுத்து, அவளுக்கே மாலை போட வைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பது சரிதான்.

டாக்டர் அவளிடம் பத்து நிமிஷம் நின்று பேசினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ‘நூலம்மா’ ஆகிவிட்டது. வாசலில் வண்டி நிறுத்துகிறவன்கூட என்னிடம், “நூலம்மா உங்க சொந்தமாமே” என்றான். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடத்தில் நான் யாருக்கோ சொந்தம்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை. தகுதியில்லாத ஆள் மருந்து உறைகளைக் கையாளுகிறார், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. விதி அப்படித்தான் சொல்கிறது. அந்த விதியை எனக்கு ஞாபகப்படுத்தியது எது என்பதைத்தான் எழுதவில்லை.

அவளை வராந்தாவிலிருந்து எடுத்து, பின்கட்டில் துணி வெளுக்கும் இடத்துக்குப் போட்டார்கள். நூல் கட்டக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அன்று ராத்திரிச் சமையலின்போது, “யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கக்கா” என்றாள். “யாராயிருக்கும்?” என்று கேட்டேன். அடுப்பைத் தணிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வராந்தா காலியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உறையை வாங்கியவர்கள் வராந்தாக் கடைசி வரை போய், குழாயைப் பார்த்துவிட்டு, சும்மா திரும்பினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், போவதும் திரும்புவதுமாக. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். என்னை இப்படி யார் தேடியிருக்கிறார்கள்?

மூன்றாவது வாரம், காலையில் ஒரு பெண் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. முகம் அப்படி இருந்தது. உறைகளை ஓட்டை வழியாக உள்ளே நீட்டினாள்.

“அந்த நூல் கட்டற அம்மா எங்கம்மா?”

“அவங்க இப்ப இங்க இல்ல. என்ன வேணும்?”

“எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இன்னைக்குக் காலையில டிப்போவுல வண்டியை எடுத்தாரு, அப்படியே ஸ்டியரிங் மேல சாஞ்சுட்டாரு. வண்டி உருண்டு போய்ச் சுவத்துல முட்டி நின்னுச்சு. சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சாம். மேல வார்டுல படுத்திருக்காரு. டாக்டர் மாத்திரை எப்படிக் குடுத்தேன்னு கேக்கறாங்க. நான் இதுல எழுதியிருக்கற மாதிரிதான் குடுத்தேன்.”

உறையைத் திருப்பினேன். என் கையெழுத்து. 1-0-½. அவசரத்தில் அந்த அரையைச் சாய்த்துக் கிறுக்கியிருந்தேன். கோடு கோடாகவே தெரியவில்லை.

“எப்படிப் படிச்சீங்க?” என்றேன்.

“காலையில ஒண்ணு. மதியம் இல்ல. ராத்திரிக்கு ஒண்ணும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. போன தடவை கட்டை நூல் இருந்துச்சு, அரைதான் குடுத்தேன். இந்தத் தடவை நூல் இல்ல. டாக்டர் கூட்டிட்டாங்க போலன்னு ரெண்டு குடுத்தேன்.”

அரை கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு. நான்கு மடங்கு. அதோடு வெறும் வயிற்றில் விடிகாலை வேலைக்குப் போயிருக்கிறார். வண்டியில் அப்போது யாரும் ஏறவில்லை. முதல் நிறுத்தத்தில் எப்போதும் முப்பது நாற்பது பேர் நிற்பார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். யாரையும் குறை சொல்லாமல், நடந்ததை அப்படியே சொல்கிற குரலில்.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு கட்டை நூல். அது இருந்தபோது நடக்காதது, இல்லாதபோது நடந்தது. அதை அறுத்தது என் கை.

மறுநாள் மூன்று நூல்கண்டு வாங்கிக்கொண்டு போனேன். கவுண்டருக்குள்ளேயே உட்கார்ந்து, மாத்திரையை எண்ணிப் போட்டதும் நானே நூல் கட்டினேன். வரிசை நீண்டது, முணுமுணுத்தார்கள், நான் விடவில்லை. பயத்தில் செய்தேன். அதை நல்ல மனசு என்று யாராவது நினைத்தால் அது என் பிழையில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

கண்காணிப்பாளருக்கு ஒரே சந்தோஷம். இப்போது தகுதியுள்ள ஆள் செய்கிறார். விதிக்கும் குறையில்லை, நோயாளிக்கும் குறையில்லை. அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது: எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் மூன்று நிற நூல் முறை. அறிமுகப்படுத்தியவர் என்று என் பெயர். ஒரு சின்ன விழா வைத்து, சால்வை போட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

“என் பத்தொன்பது வருஷ அனுபவத்துல…” என்று ஆரம்பித்தேன். எட்டு நிமிஷம் பேசினேன். அவள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் அந்த மண்டபத்தில்தான் இருந்தாள்; நாற்காலி எடுத்துப் போட்டதே அவள்தான். கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள். சர்க்கரை டாக்டர் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், “நல்லா பேசினீங்கக்கா” என்றாள் சின்னவள்.

இனியாவது வயிற்றெரிச்சல் அடங்கும் என்று எதிர்பார்த்தேன். பெயர் எனக்கு வந்துவிட்டது, விழாவில் எடுத்த படமும் என்னுடையதுதான். ஆனால் கவுண்டரில் நின்றவர்கள் சுற்றறிக்கை படிக்கிறவர்கள் இல்லை. “அந்த அம்மா கட்டினா அவிழாது. நீங்க கட்டினது வீட்டுக்குப் போறதுக்குள்ள அவுந்துடுதும்மா” என்று ஒருவர் சொன்னார். பிறகு இன்னொருவர். என் முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. முடிச்சு நழுவினால் இரண்டு ஒன்றாகிவிடும். விளையாட்டில்லை.

வேறு வழியில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

“உன் முடிச்சு எப்படிப் போடறேன்னு காட்டு.”

காட்டினாள். பொத்தான் தைக்கிறவர்கள் கடைசியில் போடும் முடிச்சு அது. விரலில் இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு, நகத்தால் அழுத்தி இழுக்க வேண்டும். எனக்கு நாலு தடவை வரவில்லை. ஐந்தாவது தடவை வந்தது. தலையைத் தூக்காமல் நான் கேட்டேன்.

“அந்தக் கடிதம் யார் எழுதினதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“கையெழுத்து வாங்கும்போது அந்தக் காகிதத்தை என் முன்னால வெச்சாங்க. நாலு மாசம் உங்க எழுத்தைத்தானேக்கா படிச்சிட்டிருந்தேன். தினமும் நூறு கவர்.”

“உனக்குக் கோபமே வராதா?” என்று கேட்டேன். கேட்ட குரலில் என் பழைய எரிச்சல்தான் இருந்தது. பொறுமையிலும் இவள் என்னை ஜெயிக்க வேண்டுமா?

“வராம என்னக்கா? யாராயிருக்கும்னு நீங்க கேட்டதுக்கப்புறம் மூணு நாள் உங்ககிட்ட பேசவே இல்ல. நீங்கதான் கவனிக்கல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “விழாவுல என் பேரைச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சொல்லல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் யோசிச்சேன். நான் உக்காந்து கட்டினா ஒரு வராந்தாதான். இப்ப எத்தனையோ ஊர்ல கட்டறாங்க. சரி, போகட்டும்னு விட்டுட்டேன். முழுசா விடல. முக்கால்வாசி விட்டேன்.”

அந்த மிச்சக் கால்வாசிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. முழுக்க மன்னித்திருந்தால், இவள் பெரிய தியாகி என்று இன்னொரு பொறாமை வளர்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் நானில்லை, எங்கள் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர் என்று. இந்தத் தடவை என் பெயரைப் போட்டேன். புகார்க் கடிதம் எழுதியதையும் கண்காணிப்பாளரிடம் நேரில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கும்மா இப்ப?” என்றார். அதே வாரம் அவளை வராந்தாவுக்கு மாற்றினார். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெளியான சுற்றறிக்கையைத் திருத்த வழியில்லையாம். வேண்டுமானால் பயிற்சி வகுப்புகளுக்கு அந்தப் பணியாளரையும் உடன் அழைத்துச் செல்லலாமாம்.

அழைத்துப் போனேன். முதல் வகுப்பு பக்கத்து ஊரில். நாற்பது மருந்தாளுநர்கள். நான் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். “இதை யோசிச்சது இவங்கதான்” என்று சொல்லி அவளை முன்னால் நிறுத்தினேன். அவள் மேடையில் ஏறவில்லை. ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, “உங்ககிட்ட இருக்கற கவரைக் குடுங்க” என்றாள். ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நகத்தால் எப்படி அழுத்துவது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. நான் டீ கிளாஸோடு சுவர் ஓரமாக நின்றேன்.

வகுப்பு முடிந்ததும் அந்த ஊர்த் தலைமை மருந்தாளுநர் என்னிடம் வந்தார்.

“மேடம், அடுத்த மாசம் இன்னொரு குரூப் இருக்கு. நீங்க வேலையா இருந்தா சிரமப்பட வேண்டாம். அவங்க மட்டும் வந்தாப் போதும்.”

காதில் புகை வந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

இதுவரை ஒன்பது ஊர்களுக்குப் போய் வந்துவிட்டாள். டிக்கெட் எடுப்பது, விடுப்பு எழுதிக் கொடுப்பது எல்லாம் நான்தான். அவள் ஊரில் இல்லாத நாட்களில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வராந்தாக் கடைசியில் நான் போய் உட்காருகிறேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குகிறார்கள்.

“நூலம்மா இல்லையா?”

“வெளியூர் போயிருக்காங்க. குடுங்க, நான் கட்டித் தரேன்.”

வயிறு எரியத்தான் செய்கிறது. எரியட்டும் என்று கட்டிக்கொடுக்கிறேன். நேற்று ஒரு பெண்மணி வாங்கிப் பார்த்து, கறுப்பு நூலை இழுத்தும் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, நீங்களும் நல்லாத்தான் கட்டறீங்க” என்றாள். வீட்டுக்குப் போய் அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.